நீலக்கால் நண்டு கோது கழற்றப்போவதை முன்கூட்டியே அறிவது எப்படி?

கேள்வி: கைவில்லை

வணக்கம். உயர்தர உயிரியல் வகுப்பில் கணுக்காலிகளின் வளர்ச்சியைக் காட்டப் போத்தலில் கிடக்கும் கரப்பானையும் இறாலையுமே வழமையாக எடுக்கிறோம். இம்முறை உயிருள்ள நீலக்கால் நண்டு கோது கழற்றுவதையே, அதாவது வளர்வதற்காகப் பழைய ஓட்டை விட்டு வெளிவருவதையே, மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பது யோசனை. யாழ்ப்பாணத்துக் குருநகர், பாசையூர்ப் பக்கம் விடியற்காலையில் உயிர்நண்டு வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். கிழமைக்கணக்காகத் தொட்டியில் வைத்தாலும் ஒன்றும் நடக்காத நண்டு உண்டு. பாதி கழற்றியபடியே செத்துப்போகிற நண்டும் உண்டு.

கழற்றலுக்குக் கிட்ட நிற்கும் நண்டை உறுதியாகப் பிரித்தெடுக்க வழி என்ன? ஆய்வுகூடத்தில் சாதாரண கூட்டு நுணுக்குக்காட்டி இருக்கிறது, வேறு பெரிய கருவி எதுவும் இல்லை. தொட்டியில் ஏன் இடைநடுவில் சாகின்றன? இன்னொன்று: சந்தையில் ‘தண்ணி நண்டு’ என்று ஒதுக்குவதும் இந்தக் கழற்றலோடு தொடர்புள்ளதா?

பதில்: அலையாத்தி

கடைசிக் கேள்விக்கு முதலில்: ஆம், தொடர்புண்டு, ஆனால் நீங்கள் தேடுவதற்கு நேர் எதிர்ப்பக்கம். தண்ணி நண்டு என்பது கழற்றி முடித்து, உள்ளே சதை குறைந்து நீர் நிறைந்த நண்டு. உங்களுக்குத் தேவை கழற்றப்போகிற நண்டு. அது கனமாக, சதை நிறைந்து, பழைய கோதோடுதான் இருக்கும். சமையலுக்கு நல்ல நண்டு என்று வாங்குவதற்குள்தான் உங்கள் நண்டும் கிடக்கிறது.

கழற்றல் ஒரு இரவில் நடந்தாலும் அதற்கான வேலை வெகு முன்னரே உள்ளே தொடங்கிவிடும். பிரெஞ்சு விலங்கியலாளர் பியேர் திராக் 1939இல் வகுத்த நிலைகளைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். ஏ என்றால் இப்போதுதான் கழற்றி மெத்தென்றிருப்பது, பி என்றால் கோது கடதாசிபோல் வளைவது, சி என்றால் இறுகிய கோது, டி என்றால் அடுத்த கழற்றலுக்கான ஆயத்தம், ஈ என்றால் கழற்றும் நேரம். வலையில் வரும் நண்டில் பெரும்பாலானவை சி. கிழமைக்கணக்காக ஒன்றும் நடக்காதது இதனால்தான். டி நிலையை நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தெரிந்தெடுத்தால் காத்திருப்பு குறையும்.

காலை வெட்டத் தேவையில்லை. கொடுக்கு இரண்டையும் இறப்பர்ப் பட்டியால் கட்டுங்கள். ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டிக் கடல்நீர் வாளிக்குள் இறக்கி, நண்டை அதில் 5 நிமிடமளவில் விடுங்கள். ஐஸை நேரே போட்டால் உருகும் நன்னீர் உப்பைக் குறைத்துவிடும். நண்டு அடங்கியதும் ஈரத்துணியால் சுற்றி, கடைசிச் சோடிக் காலை, அதாவது துடுப்புக்காலை, மட்டும் வெளியே இழுங்கள். அதன் நுனிக் கணுவை வழுக்கியில் தட்டையாக வைத்து ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டுக் கவர்சிலிப்பால் மூடுங்கள். முதலில் 40 மடங்கு, பிறகு 100 மடங்கு. வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க வேண்டும்; கூடினால் பார்க்க வேண்டிய விளிம்பே தெரியாமல் போகும். பெரிய நண்டின் துடுப்பில் நிறம் அடர்த்தி, ஒளி ஊடுபுகாது. கோது 4 தொடக்கம் 6 செ.மீ. அகலமான குஞ்சு நண்டுதான் இதற்கு வாய்ப்பு. அது அடிக்கடி கழற்றும் என்பதும் ஒரு வசதி.

என்ன தெரியும்? துடுப்பின் ஓரத்தில் மயிர்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அடியில் உயிருள்ள மேற்றோல் நிறமணிகளோடு கோதின் ஓரம் வரை ஒட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் இருந்தால் அது சி. திரும்பக் கடலில் விடலாம். மேற்றோல் உள்வாங்கி, அதற்கும் கோதுக்கும் நடுவே தெளிவான கண்ணாடிப் பட்டை ஒன்று விழுந்திருந்தால் டி தொடங்கிவிட்டது. பழைய கோது உயிர்த்தோலிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள், வெளியில் நண்டு முன்போலவே திரியும். பட்டைக்குள் மேற்றோலின் ஓரம் அலையலையாகி, புதுமயிர்கள் உள்ளே மடங்கிய குழாய்களாக உருவெடுப்பது டி-1. அந்தப் புதுமயிர்கள் கூர்நுனியோடு முழுசாகத் தெரிந்தால் டி-2. சிறு நண்டில் அதற்குப் பிறகு சில நாள்தான். டி-3, டி-4 ஐ மயிரை வைத்துப் பிரிப்பது கடினம். அங்கே விரலால் தொட்டுப் பார்ப்பதே மேல்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் துடுப்பின் ஓரக்கோடு வெள்ளையாக இருந்தால் இரண்டு கிழமை, இளஞ்சிவப்பானால் ஒரு கிழமை, சிவப்பானால் 1 முதல் 3 நாள் என்று வரும். அது அமெரிக்கச் செசபீக் குடாவின் நீல நண்டுக்கு அங்குள்ள மென்கோது நண்டுத் தொழிலாளர் வைத்த கணக்கு. எங்கள் நீலக்கால் நண்டு அதே குடும்பம், ஆனால் வேறு சாதி. இங்கே நிறத்தை விட்டுவிட்டு இடைவெளியையும் புதுமயிரையும் பாருங்கள்.

பதில்: பாசையூர் வாடி

நுணுக்குக்காட்டி வாறதுக்கு முன்னமே கரையில வைச்சே அரைவாசிக்கு மேல கழிச்சுப்போடலாம். சில குறிப்பு.

நண்டைப் பிரட்டி வயித்துப் பக்கம் பாருங்கோ. பளிச்செண்ட வெள்ளை, முள்ளெல்லாம் கூர், கோதில ஒரு ஊத்தையும் இல்லை எண்டால் அது புதுக்கோது. அடுத்த கழற்றலுக்குக் கன நாள் கிடக்கு. வயிறு மஞ்சள் பழுப்பேறி, முதுகில கொட்டலசு ஒட்டி, கொடுக்குப் பல்லுத் தேஞ்சிருந்தால் பழங்கோது. அதுக்குள்ள இருந்துதான் தெரிய வேணும். ஆனா பழங்கோது எண்டதுக்காக நாளைக்கே கழற்றும் எண்டில்லை, முத்தின பெரிய நண்டு மாசக்கணக்கில அப்பிடியே திரியும்.

கால் போன நண்டை ஒதுக்காதேங்கோ. கால் முறிஞ்ச இடத்தில சின்ன மொட்டு ஒண்டு வரும். உள்ளுக்குப் புதுக்கால் மடிஞ்சு கிடக்கு. மொட்டு சின்னனாய், கறுத்து இருந்தால் இப்பத்தான் முறிஞ்சது. மொட்டுப் பெருத்து, உப்பி, உள்ளுக்குக் கணுக்கணுவாய்க் கால் தெரிஞ்சால் கழற்றல் கிட்ட. கழற்றேக்க அந்தக் கால் விரிஞ்சு வரும், மற்றக் காலை விடக் கொஞ்சம் சின்னனாய்.

எல்லாத்திலும் நிச்சயமான அடையாளம் சோடி. ஆண் நண்டு ஒரு பெட்டையை வயித்துக்குக் கீழ அணைச்சுப் பிடிச்சபடி வலையில வரும். கீழ கிடக்கிற பெட்டை கழற்றப்போகுது, அதுக்காகத்தான் அவர் காவல். பெட்டை மெத்தெண்டு இருக்கேக்கதான் சேர்க்கை. சோடியைப் பிரிக்காமல் ஒரே வாளியில கொண்டுபோங்கோ, பேந்து தொட்டியில ஆணை எடுத்துவிடலாம்.

விரலால பாக்கிறதெண்டால் முதுகுக்கோதின்ர ஓர முள்ளு வரிசைக்குக் கீழ, வாய்ப்பக்கத்தில இருந்து பின்னுக்கு ஒரு கோடு ஓடுது. பெருவிரலால மெதுவாய் அமத்துங்கோ. கல்லுமாதிரி இருந்தால் இல்லை. சின்னனாய் வெடிச்சு நெளிஞ்சு குடுத்தால் இண்டைக்கு இரவு. வெடிச்சாப் பிறகு திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருக்கப்படாது, செத்துப்போம்.

தண்ணி நண்டுக்கு வேற இடத்தில அமத்த வேணும்: கொடுக்குக் காலின்ர தடிச்ச கணுவின்ர அடிப்பக்கம், பிறகு நெஞ்சுத் தட்டு. உள்வாங்கினால் தண்ணி நண்டு. கையில தூக்கினாலும் அளவுக்கேத்த பாரம் இராது. நிலவு காலத்து நண்டில சதை இல்லைத்தானே, அமாவாசையை ஒட்டி வாங்கினால் தண்ணி நண்டு குறைவாய் வரும்.

பதில்: அலையாத்தி

சோடியைச் சொன்னது மிக நல்ல குறிப்பு. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: சோடியில் கிடைக்கும் பெட்டையின் வயிற்று மடலைக் கழற்றலுக்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். முதிராத பெட்டைக்கு அந்த மடல் முக்கோணம், நெஞ்சோடு பூட்டினாற்போல் ஒட்டியிருக்கும், நகத்தால் எழுப்பவே கடினம். பருவக் கழற்றல் முடிந்து விடியப் பார்த்தால் அதே நண்டின் மடல் அகன்று வட்டமாகி, பூட்டு விட்டு, கீழே நான்கு சோடி மயிரடர்ந்த நீந்துகால்கள் தெரியும். முட்டையைக் காவப்போவது அந்த மயிர்கள்தான். ஆணுக்குக் கடைசிவரை ஒடுங்கிய மடல், அடியில் இரண்டு சோடி மட்டும், அவையும் விந்து கடத்தும் குழாய்களாக மாறியவை. வளர்ச்சி, பால்வேறுபாடு, தூக்கங்களின் (கால், உணர்கொம்பு போலச் சோடியாக நீளும் உறுப்புகளின்) மாற்றம் என்று ஒரே இரவில் மூன்று பாடம் முடிந்துவிடும்.

தூக்கங்களை எண்ண வைப்பதென்றால் இறாலில் 19 சோடி: தலையில் 5, நெஞ்சில் 8, வயிற்றில் வால்விசிறியோடு 6. நண்டுக்கு வால்விசிறி இல்லை. ஆகவே பெட்டையில் 17 சோடி, ஆணில் 15. மாணவர்கள் இறாலின் எண்ணிக்கையைப் பாடமாக்கி வைத்து நண்டுக்கும் 19 என்று எழுதுவது வழமை.

நிலவுக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நாள், ஒரே சிறகுவலையில் சதை நிறைந்ததும் தண்ணியானதும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொரு நண்டும் எந்த நிலையில் நிற்கிறது என்பதே காரணம். நாட்காட்டியைப் பார்த்து வாங்குவதை விட அமத்திப் பார்த்து வாங்குவது மேல்.

பதில்: பாசையூர் வாடி

அமத்தித்தான் வாங்கிறது. நிலவு சனம் சொல்லுறது, விட்டுவிடுங்கோ.

பதில்: உப்புமானி

தொட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பாதி கழற்றியபடி சாவது அனேகமாகத் தண்ணீரின் குற்றம்.

சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யக்கூடாது. உப்புமானி சரியாக 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) காட்டும், ஆனால் அதில் கல்சியமும் மக்னீசியமும் இல்லை. உண்மைக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கழற்றிய நண்டு புதுக்கோதை இறுக்க அதைத் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. களப்புத் தண்ணீரை அப்படியே அள்ளுவதிலும் கவனம் தேவை. யாழ்ப்பாணக் களப்பில் மாரியில் உப்புக் குறையும், ஆடி ஆவணியில் கடலை விட உப்பேறும். நகரை ஒட்டிய பண்ணை என்ற இடத்துப் பக்கம் கழிவும் கலக்கும். பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கத்துத் திறந்த கடலில் அள்ளினால் 33 முதல் 35 வரை நிற்கும். நண்டு வந்த தண்ணீரின் உப்பை முதலில் அளந்து, அதிலிருந்து நாளுக்கு 2 அல்லது 3 அலகு மட்டும் மாற்றுங்கள். குறைக்க வேண்டுமென்றால் கிணற்று நீர் போதும், எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரில் கல்சியத்துக்குக் குறைவில்லை. தோட்டப் பக்கத்துக் கிணறு வேண்டாம், நைத்திரேற்று கூடியிருக்கும். குளோரீன் போட்ட குழாய்நீரும் வேண்டாம்.

நண்டுக்கு ஒரு தொட்டி. 20 லீற்றர் பிளாஸ்ரிக் பேசின், 15 செ.மீ. ஆழம், மீன்தொட்டிக்குப் போடும் காற்று மோட்டர் இரவு முழுக்க. மின் நின்றால் அந்த இரவே நண்டும் போகும். பற்றரியில் ஓடும் சின்ன மோட்டர் ஒன்றை அருகில் வையுங்கள். கழற்றும்போது நண்டின் ஒட்சிசன் தேவை ஏறும், அதேநேரம் பூக்களின் (மூச்சுவிடும் செவுள்களின்) மேலுறையும் கழன்றுகொண்டிருப்பதால் மூச்சு வாங்குவது குறையும். இடைநடுவில் சாவதற்கு இதுவே முதற்காரணம். மண் போட்டால் நண்டு புதைந்துவிடும், ஒன்றும் தெரியாது. மண்ணில்லாமல் விட்டுப் பேசினின் பாதியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். மூன்றிலொரு பங்கு நீரைத் தினமும் மாற்றுங்கள்.

தீன் சோறு, பாண் என்று போடாதீர்கள். மட்டிச் சதை, சின்ன இறால், சூடை மீன்துண்டு போதும். கழற்றலை நடத்தும் ஓமோன் கொலஸ்ரரோலிலிருந்து உருவாகிறது, அந்தக் கொலஸ்ரரோலை நண்டு தானாக ஆக்காது, தீனில் வர வேண்டும். டி-2 தாண்டியதும் நண்டே சாப்பிடுவதை நிறுத்தும். நிறுத்தியதும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், அழுகினால் அமோனியா.

இரண்டு நண்டை ஒரே தொட்டியில் விடுவது மாணவர்களுக்கு வேறு பாடம் ஆகிவிடும். மெத்தென்ற நண்டை மற்றது விடாது.

கேள்வி: கைவில்லை

நன்றி. துடுப்பைப் பார்க்கும் முறை பிடித்துவிட்டது. கழற்றும் இரவில் மாணவர்கள் எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும்? கண்காம்பை வெட்டினால் கெதியாகக் கழற்றும் என்று ஒரு நூலில் உண்டு, பாடசாலையில் செய்யலாமா?

பதில்: கூட்டுக்கண்

கண்காம்பை வெட்ட வேண்டாம். அதில் பாடமும் குறைவு, வதையும் கூட. ஏன் அப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். கண்காம்புக்குள் எக்ஸ் உறுப்பு என்ற நரம்புக்கலத் தொகுதி, கழற்றலைத் தடுக்கும் ஓமோனைச் சுரக்கிறது. அது தலைப்பகுதியிலுள்ள ‘வை’ (Y) உறுப்பை அடக்கி வைத்திருக்கும். அடக்குமுறை தளர்ந்தால் வை உறுப்பு எக்டைசோன் வகை ஓமோனை விடும், மேற்றோல் கோதை விட்டுக் கழன்று புதுக்கோதை இடத் தொடங்கும். இறால் குஞ்சுபொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை அகற்றுவது முட்டையிட வைப்பதற்கு. அங்கே சூலகத்தைத் தடுக்கும் இன்னொரு ஓமோனும் அதே காம்பில் இருப்பதுதான் காரணம்.

பூச்சியில் கட்டளை மறுபக்கத்திலிருந்து வருகிறது: மூளை ஓமோன் முன்நெஞ்சுச் சுரப்பியைத் தூண்டுகிறது. நண்டில் தடை நீக்கம், பூச்சியில் தூண்டல், முடிவில் வருவது ஒரே வகை ஓமோன். 1954இல் புட்டனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். உடலில் அது எவ்வளவு சொற்பம் என்று காட்ட இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

கழற்றும் இரவுக்கு வருவோம். பின்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுக்கோதுக்கும் வயிற்று மடலுக்கும் நடுவே ஒரு வெடிப்பு விழும். தண்ணீரை உறிஞ்சி உடல் உப்ப உப்ப வெடிப்பு அகலும். நண்டு முன்னால் வராது, பின்பக்கமாகத்தான் வெளியேறும்: முதலில் உடலின் பின்பகுதியும் துடுப்புக்காலும், அப்புறம் நடைகால்கள், கடைசியாகக் கண்ணும் கொடுக்கும். பெரிய கொடுக்கு எப்படி ஒடுங்கிய அடிக்கணுவால் வெளியே வருகிறது என்று கட்டாயம் ஒரு மாணவர் கேட்பார். டி நிலையிலேயே கொடுக்குத் தசை உருகி ஒடுங்கிவிடும், கழற்றிய பின் திரும்ப வளரும். தசையோடு நீர்மமும் பின்வாங்குவதால் கொடுக்கு துவண்டுபோய் அந்த ஓட்டையால் இழுபட்டு வரும். கொடுக்கு சிக்கினால் நண்டு அந்தக் காலையே கழற்றி விட்டுவிட்டு வெளியேறுவதும் உண்டு. கையால் இழுத்து உதவப் போகாதீர்கள், மெத்தென்ற தோல் கிழிந்தால் குருதி நிற்காது. வெடிப்புத் தொடங்கி ஒழுங்காகப் போனால் அரை மணித்தியாலமளவில் முடிந்துவிடும். அனேகமாக இரவில்தான் நடக்கும் என்பதால் கைபேசியை நிறுத்தி வைத்துப் பதிவு செய்வது நல்லது. சிவப்பு வெளிச்சம் போதும்.

கழன்ற கோதை எறியாதீர்கள், முழுப் பாடத்திலும் பெறுமதியானது அதுதான். முதுகுமூடியை எழுப்பி உள்ளே சொட்டுக்குழாயால் கடல்நீர் விட்டுப் பாருங்கள். இருபக்கமும் பூக்களின் மேலுறை ஒவ்வொரு இதழும் பிரிந்தபடி மிதக்கும். நடுவில், கண்களுக்குப் பின்னால், மங்கிய பை ஒன்று. அதைச் சாவணத்தால் எடுத்துப் பிரித்தால் பழுப்பான மூன்று பற்கள் இருக்கும், மேலே ஒன்று, பக்கத்துக்கொன்று. அது இரைப்பை அரைவையின் உறை. முன்குடலும் பின்குடலும் புறத்தோலின் உள்மடிப்பு, ஆகவே அவற்றின் உறையும் கழல்கிறது. நடுக்குடலுக்கும் செரிமானச் சுரப்பிக்கும் உறை கிடையாது, அங்கே ஒன்றும் கழலாது. கண்ணின் மேலுறையை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் கூட்டுக்கண்ணின் கட்டங்கள் நிறமில்லாமல் தெளிவாகத் தெரியும். உயிர்க்கண்ணை வெட்டினால் நிறம் மறைத்துவிடும், இவ்வளவு தெளிவு வராது.

பழைய கோதின் அகலத்தைக் கடைசி நீள முள்ளின் நுனியிலிருந்து மறுபக்க நுனி வரை வேணியர் இடுக்கியால் அளந்து குறித்து வையுங்கள். நண்டை அன்றிரவு தொடாமல் மறுநாள் அளக்கலாம். சிறு நண்டு கிட்டத்தட்ட கால்வாசி கூடியிருக்கும். கூடியது முழுக்கத் தண்ணீர்தான். அந்த இடத்தைச் சதை நிரப்பக் கிழமைக்கணக்கு எடுக்கும். இதுவே உங்கள் தண்ணி நண்டு. அரை நாளில் கோது கடதாசிபோல் ஆகும், இரண்டு மூன்று நாளில் இறுகும். மென்கோது நண்டு விற்பவர்கள் கழற்றியதும் தண்ணீரை விட்டு எடுப்பது, கல்சியம் கிடைக்காமல் இறுகல் நின்றுபோகும் என்பதற்காக.

கோது ஏன் இறுகுகிறது என்று காட்ட வினாகிரி போதும். நண்டுக்கோதுத் துண்டு ஒன்றை வினாகிரியில் போட்டால் குமிழி கிளம்பும், அது கல்சியம் காபனேற்று. ஒன்றிரண்டு நாளில் துண்டு வடிவம் மாறாமலே தோல்போல் வளையும். மிச்சம் கைற்றினும் புரதமும். பக்கத்திலே தென்னை, பனைக் குருத்தைத் துளைக்கும் கருவண்டின் முன்சிறகு ஒன்றைப் போடுங்கள். குமிழியும் வராது, மெத்தெனவும் ஆகாது. பூச்சி இறுகுவது புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைவதால், சுண்ணாம்பால் அல்ல. ஆய்வுகூட ஐதரோகுளோரிக் அமிலம் வேலையை நிமிடங்களில் முடிக்கும். மெதுவாகப் பார்க்க வினாகிரியே நல்லது.

பதில்: நிலாவரை

நண்டு வாங்கும்போது மடலுக்குக் கீழே மஞ்சள் பொதி கண்டால் இரண்டு விதம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மணிமணியாக, நீந்துகாலின் மயிரில் தொங்கினால் முட்டை. தொடக்கத்தில் மஞ்சள் செம்மஞ்சள், உள்ளே கண்புள்ளி விழ விழப் பழுப்பு, பொரிக்கக் கிட்டச் சாம்பல் கறுப்பு. எங்கள் நீர்ச்சூட்டில் ஏறத்தாழ 8 முதல் 10 நாள். இப்படியான சினைநண்டைத் தொட்டியில் வைத்துக் கழற்றலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை, முட்டை காவும்போது கழற்றாது. கடலில் விட்டுவிடுங்கள்.

மணி இல்லாமல், வழுவழுப்பான ஒற்றைப் பையாக, மடலின் நடுவில் ஒரு காம்பால் ஒட்டியிருந்தால் அது சக்குலினா என்ற ஒட்டுண்ணி. அதுவும் ஓர் ஓட்டுடலி, கொட்டலசுக்கு உறவு. வளர்ந்ததில் காலும் இல்லை, கணுவும் இல்லை, நண்டின் உடல் முழுக்க வேர்போலப் பரவியிருக்கும். அதன் குடம்பியைப் பார்த்துத்தான் இனம் தெரிந்தது: மூன்று சோடித் தூக்கமுள்ள நோப்பிளியசு. ஆண் நண்டில் தொற்றினால் மடல் பெட்டையின்போல அகலும். பால் பிரிக்கும் பாடத்தில் ஒரு விசித்திர நண்டு வந்து குழப்பினால் இதை நினைவில் வையுங்கள்.

நோப்பிளியசை உயிரோடு காட்ட நண்டு உதவாது. நண்டு அந்த நிலையை முட்டைக்குள்ளேயே கடந்து சோயியா என்ற அடுத்த குடம்பியாகப் பொரிக்கிறது. நீலக்கால் நண்டில் நான்கு சோயியா நிலை, ஒரு மெகலோபா, பிறகு குட்டி நண்டு. முதற் சோயியாவுக்குக் கண் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும், நீந்துவது வாய்ப்பக்கத்துத் தாடைக்கால்களால். மெகலோபாவில் வேலை வயிற்று நீந்துகாலுக்கு மாறும். கொடுக்கு வந்துவிடும், வயிறு மட்டும் பின்னால் நீண்டிருக்கும். அடுத்த கழற்றலில்தான் வயிறு மடிந்து நண்டு வடிவம். வகுப்பில் நோப்பிளியசுக்கு ஆர்ட்டீமியா (சின்ன உவர்நீர் ஓட்டுடலி) முட்டை வாங்குங்கள்: ஒரு லீற்றர் 30 உப்புள்ள நீர், ஒரு கிராம் முட்டை, 28 பாகை, இடைவிடாத காற்று, மேலே ஒரு மின்குமிழ். 24 மணித்தியாலத்தில் செம்மஞ்சளாய்ப் பொரித்திருக்கும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் ரோச் பிடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு ஓடிவரும், கோது மேலே மிதக்கும்.

கேள்வி: கைவில்லை

மிக்க நன்றி. கழன்ற கோதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க ஃபோர்மலினில் போடலாமா?

பதில்: கூட்டுக்கண்

போட்டால் நாளடைவில் மெத்தென்று போகும். பழைய ஃபோர்மலின் அமிலமாகும், சுண்ணாம்பைக் கரைக்கும். பூ உறையையும் இரைப்பைப் பற்களையும் தனியே எடுத்து 70 வீத அற்ககோலில் சின்னப் போத்தலில் வையுங்கள். கோதை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, கால்களை விரித்துத் தேர்மக்கோல் பலகையில் குண்டூசிகளால் அணைத்து நிழலில் காய விடுங்கள், வெயில் பட்டால் நீலம் போய்ச் சிவக்கும். கணுக்களில் உள்பக்கமாக ஒரு சொட்டுப் பசை விட்டால் கால் கழலாது. எறும்புக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.